பிரியும் இடத்துக் கோடு

என் பையில் இருந்த லென்ஸ் இரண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டு ஒரு கைக்குட்டையில், மறு துண்டு இன்னொன்றில். மூன்று பொடித் திருகுகளை மாத்திரை அட்டையின் காலிக் குழியில் போட்டு, மேலே டேப் ஒட்டியிருந்தேன். சென்னைப் பாரிமுனையில் இறங்கி, கல்யாணப் பத்திரிகைக் கடைகளைத் தாண்டி ஒரு சந்தில் திரும்பி, மரப்படியில் இரண்டு மாடி ஏறினேன். பத்துக்கு எட்டு அறை. சன்னலை ஒட்டி மேசை. மேசைமேல் வெள்ளைத் துணி. அந்தத் துணிமேல் குனிந்திருந்தார் பாய்.

கேமரா ரிப்பேரில் அவருக்கு ஐம்பது வருட அனுபவம். 1974இல், பதினான்கு வயதில், மவுண்ட் ரோட்டில் ஒரு கடைக்கு டீ வாங்கிக் கொடுக்கும் பையனாகப் போனவர். அங்கேயே, உஸ்தாத் என்று அவர் சொல்லும் குருவின் பக்கத்தில் உட்கார்ந்து திருப்புளி பிடிக்கப் பழகினார். யாஷிகா மேட், பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 என்று நம் ஊர்க் கல்யாணங்களைப் படம் பிடித்த கேமராக்கள் அவர் விரல்களுக்குப் பழக்கம். இப்போது பக்கத்து ஸ்டூலில் மகள் உட்கார்ந்திருக்கிறார். இயற்பியல் படித்தவர். அத்தாவிடம் தொழில் கற்கத் தொடங்கி மூன்றாவது வருடம்.

கைக்குட்டைகளைப் பிரித்துப் பார்த்த பாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எந்த இடத்துல பிரிஞ்சுதுன்னு குறிச்சீங்களா தம்பி?"

"இல்ல பாய்."

கோபிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடிகாரக்காரர்கள் வைத்துக்கொள்ளும் லூப்பைக் கண்ணில் பொருத்திக்கொண்டார். "உக்காருங்க" என்றார்.

லென்ஸ் என் மாமாவுடையது. ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ., எஃப்/2. வரிசை எண் 76 என்று தொடங்கும். மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலையின் வழக்கப்படி, அந்த 76 லென்ஸ் செய்யப்பட்ட வருடம். மாமா 1983இல் மூர் மார்க்கெட்டில் ஜெனிட்-ஈ கேமராவோடு சேர்த்துப் பழையதாக வாங்கினார். இரண்டே வருடத்தில் மூர் மார்க்கெட் தீயில் போயிற்று. பிறகு கேமராவின் ஷட்டரும் நின்றது. லென்ஸ் மட்டும் தோல் உறைக்குள், அலமாரியின் அடித்தட்டில் தங்கிவிட்டது.

இந்த லென்ஸின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. யேனா நகரத்து கார்ல் ஸெய்ஸ் செய்த பயோட்டார் 58 மி.மீ. லென்ஸ்தான் இதற்கு மூலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், இழப்பீடு என்ற கணக்கில் யேனாவின் எந்திரங்களையும் வரைபடங்களையும் பொறியாளர்களையும் சோவியத் நாடு எடுத்துக்கொண்டு போனது. நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடி என்ற அதே அமைப்பு ரஷ்யாவில் ஹீலியோஸ் ஆனது. ஜெனிட் கேமராக்களோடு ஏராளமாக வெளிவந்து, சோவியத் நட்பு ஓங்கியிருந்த காலத்தில் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது.

அதை இன்றைய டிஜிட்டல் கேமராவில் பூட்டத் தேவையானது ஒரு வளையம் மட்டும். அடாப்டர் என்கிறோம், உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் உலோகக் குழல். இதன் கணக்கு எளிமையானது. ஒவ்வொரு லென்ஸும் ஃபிலிமிலிருந்து இன்ன தூரத்தில் உட்கார வேண்டும் என்று தீர்மானித்துத்தான் செய்யப்படுகிறது. ஹீலியோஸின் திருகு மவுண்டான எம்42க்கு அந்தத் தூரம் 45.46 மி.மீ. அந்தக் காலக் கேமராக்களில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி (மிரர்) எழும்பி இறங்க இடம் தேவைப்பட்டது. மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே இல்லை. சோனி இ மவுண்டில் தூரம் 18 மி.மீ.தான். மிச்சம் 27.46 மி.மீ. அந்த வெற்றிடத்தை அடைப்பதுதான் வளையத்தின் முழு வேலை.

நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் இதே லென்ஸை மாட்டிப் பார்த்து ஏமாந்துபோவதற்கும் இதே கணக்குதான் காரணம். அந்தக் கேமராவின் தூரம் 46.5 மி.மீ. லென்ஸ் கேட்பதைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதல். அந்த ஒரு மில்லிமீட்டரால் தூரத்துப் பொருள்கள் எதுவும் ஃபோகஸ் ஆகாது. எதிரே நிற்பவர் தெளிவாக விழுவார், தெருக்கோடிக் கோபுரம் விழாது.

அடாப்டர் வளையம் வந்த அன்று மாமியை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து எடுத்தேன். கேமரா லென்ஸை அடையாளம் கண்டுகொள்ளாது. 'லென்ஸ் இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்கட்டும்' என்ற அமைப்பைத் திறந்துவிட வேண்டும். கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதிக்கு 58 என்ற எண்ணையும் நாமே கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் கைவேலை. எஃப்/2இல் ஒரு மீட்டர் தூரத்தில் தெளிவாக இருப்பது மூன்றரை சென்டிமீட்டர்தான். மாமியின் இமையில் ஃபோகஸ் வைத்தால் காதுத் தோடு கரைந்துவிடும். திரையில் தெளிவான விளிம்புகள் சிவப்பாக மின்னும். அந்தச் சிவப்பை மூக்குத்தியிலிருந்து இமைக்கு என் விரலால் நகர்த்தினேன். இருபது நொடி. அத்தனை நேரம் நான் மாமியின் முகத்தை உற்றுப் பார்த்ததே இல்லை.

படத்தில் வேப்பிலைகளுக்கு நடுவே தெரிந்த ஒளிப்பொட்டுகள் நடுவில் வட்டமாகவும், ஓரத்துக்குப் போகப் போக மாவடு வடிவிலும் நெளிந்து, மாமியைச் சுற்றிச் சுழல்வதுபோல் விழுந்திருந்தன. லென்ஸின் குழல் ஓரத்து ஒளியை வெட்டுவதாலும், ஓரங்களில் அதன் திருத்தம் குறைவாக இருப்பதாலும் வருவது அது. வடிவமைத்தவர்களின் கணக்கில் அது குறை. இன்று குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் அதற்காகவே ஹீலியோஸைத் தேடி அலைகிறார்கள்.

சில மாதங்களில் ஃபோகஸ் வளையம் இறுகியது. நானே திறந்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று திருகுகளைக் கழற்றி, குழலைச் சுற்றச் சுற்ற அது இரண்டாகக் கையில் வந்தது. துடைத்து மறுபடி பூட்டினேன். எதிர்வீட்டுச் சன்னல் கம்பி தெளிவாக விழுந்தது. அதற்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டி விழவில்லை. மறுபடி கழற்றினேன், மறுபடி பூட்டினேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் போய் நின்றது. மாமா விட்டுப்போன பொருளைக் கெடுத்துவிட்டோமே என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

"பாட்டில் மூடிக்கு ஒரே புரி. இதுக்குப் பல புரி" என்றார் பாய், குழலை என் பக்கம் திருப்பிக் காட்டி. விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக மரைகள் தொடங்குவது தெரிந்தது. "ஒவ்வொரு புரியும் ஒரு வாசல். எதுல வேணாலும் உள்ள போகும். ஒண்ணுலதான் வீடு வந்து சேரும்."

அவர் வேலை தொடங்கியது. சிறு கிண்ணத்தில் ஒயிட் பெட்ரோல். அதில் பிரஷ்ஷை நனைத்து, மரைகளில் படிந்திருந்த பழைய கிரீஸைச் சுரண்டாமல் கரைத்தார். நாள்பட்ட கிரீஸில் எண்ணெய் தனியே பிரிந்து ஓடிவிடும். மிஞ்சுவது மெழுகுபோல் இறுகும். ஓடிய எண்ணெய், லென்ஸின் துளையைச் சுருக்கி விரிக்கும் பிளேடுகளில் போய் உட்காரும். எட்டு பிளேடுகளையும் மகள் ஒவ்வொன்றாகச் சாமணத்தால் எடுத்து, துணிமேல் விசிறிபோல் அடுக்கினார். காகிதம்போல் மெலிந்தவை. ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்த குட்டி முளை. மூச்சை வேறு பக்கம் திருப்பி விட்டுக்கொண்டே அடுக்கினார்.

பின்கண்ணாடியில் பூஞ்சை. கைப்பேசி டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்தபோது, சிலந்தி இழைபோல் கிளை பிரிந்து நின்றது. "எல்லாரும் முன்னால இருந்து பாத்துட்டு வாங்கிடுறாங்க அண்ணா. பின்னால இருந்து டார்ச் அடிச்சாத்தான் தெரியும்" என்றார் மகள். பூஞ்சை கண்ணாடியின் பூச்சைத் தின்னும் அமிலம் விடும். விட்டுவைத்தால் துடைத்தாலும் போகாத தழும்பாகிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்த நீரைப் பஞ்சில் தொட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருளாகத் துடைத்தார். ஒரு பஞ்சு ஒரு தடவைதான். என் லென்ஸில் தழும்பு விழவில்லை. "தோல் உறைதான் எதிரி. ஈரத்த இழுத்து வச்சுக்கும். காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க" என்றார் பாய். கடலோர நகரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகுதான் அவருக்கு வேலை அதிகம் வருகிறது.

சுவரை ஒட்டிப் பிஸ்கட் டின்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் செத்த லென்ஸ்கள். உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒன்றின் திருகு இன்னொன்றைப் பிழைக்கவைக்கும். இந்த வேலையைச் சொல்லித்தர ஒரு பள்ளிக்கூடமோ பாடப் புத்தகமோ பாய்க்கு வாய்க்கவில்லை. பழைய லென்ஸ்களுக்கு உலகம் முழுக்க மவுசு கூடிவிட்டது, விலையும் ஏறிவிட்டது. ஆனால் அவற்றைத் திறக்கத் தெரிந்த கைகள் வயதாகி ஒவ்வொன்றாக ஓய்கின்றன. அடாப்டர் வளையம் வாங்குவது சுலபம். அந்த வளையத்துக்கு முன்னால் இருக்கும் பொருளை உயிரோடு வைத்திருப்பது இப்படி ஒரு அறையில் நடக்கும் வேலை. அதற்கு நாம் கொடுக்கும் கூலியும் மரியாதையும் போதாது என்றுதான் நினைக்கிறேன்.

"அத்தா, இங்க பாருங்க" என்றார் மகள்.

கிரீஸ் கரைந்த இடத்தில், வெளிக்குழலின் விளிம்பில், ஊசியால் இழுத்த ஒரு கோடு. அரை அரிசி நீளம். பாய் உள்குழலை எடுத்துத் திருப்பினார். அதன் விளிம்பிலும் ஒன்று. லூப் வழியாக வெகுநேரம் பார்த்தார்.

"இது கம்பெனிக் கோடு இல்ல. நம்ம ஆளு யாரோ தொறந்திருக்கார். பிரியுற இடத்தக் குறிச்சு வச்சிட்டுப் போயிருக்கார்."

மாமா கைக்கு வருவதற்கு முன்னாலா, பின்னாலா, அது எந்தக் கடை மேசை என்பதெல்லாம் அந்தக் கோட்டில் எழுதியிருக்கவில்லை. இரண்டு கோடுகளையும் நேர்ப்படுத்தி, குழலை எதிர்ப்பக்கமாக மெல்லச் சுழற்றினார் பாய். 'டிக்' என்று ஒரு சிறு இறக்கம். அங்கிருந்து முன்பக்கமாகச் சுற்றினார். வாசல் திறந்து குழல் உள்ளே போயிற்று.

"கோட்ட நம்பணும். கண்ணாலயும் பாத்துக்கணும்" என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். சுவர் ஓரத்தில் அலுமினியத் தாள் விரித்த தட்டில் ஒரு சூப்பர் டக்குமார் 50 மி.மீ., எஃப்/1.4 வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த லென்ஸின் ஏழு கண்ணாடி வகையில் ஒளியை அதிகம் வளைப்பதற்காகத் தோரியம் சேர்த்திருப்பார்கள். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் அதே தோரியம். அதன் கதிரியக்கம் நாளடைவில் கண்ணாடியைத் தேநீர் நிறத்துக்குக் கொண்டுபோய்விடும். வெயிலின் புறஊதா ஒளி அந்த நிறத்தை மெல்ல மெல்ல வெளுக்கும். "மூணு வாரமா வைக்கிறேன். மதியம் சூடு ஏறுறதுக்குள்ள எடுத்துடணும்" என்றார்.

என் கேமராவில் லென்ஸைப் பூட்டி, உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரத்தைக் காட்டினார். அதன் உச்சியில் 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்கு வழிகாட்டிய விளக்கு இருந்தது. மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வந்தபின் ஓய்ந்துபோனது. தூரத்து ஃபோகஸுக்குப் பாய்க்கு இன்றும் அந்தக் கோபுரம்தான் அளவுகோல். "உஸ்தாதும் இதப் பாத்துத்தான் இன்ஃபினிட்டி வைப்பார்" என்றார். ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை சுற்றினேன். திரையில் கோபுரம் கலங்கலாகத் தொடங்கி, சிவப்பு விளிம்புகள் ஒவ்வொரு அடுக்காக மேலேறின. உச்சிக் கூண்டின் கம்பிகள் தனித்தனியாகத் தெரிந்த இடத்தில் வளையம் தானாக நின்றது. பாய் மூன்று திருகுகளையும் இறுக்கினார்.

கீழே வந்து கடைசிப் பூச்சுக்காக இன்னொரு முறை பிரித்தபோது, மகள் ஒரு நோட்டை எடுத்தார். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு பக்கம்: எந்தத் திருகு முதலில், எந்தக் கிரீஸ், எங்கே பிரியும். ஹீலியோஸ் பக்கத்தில் இரண்டு குழல்களை வரைந்து, இரண்டு கோடுகளையும் குறித்தார். அத்தாவின் கையில் இருப்பதை எழுத்தாக்கும் அந்த நோட்டு அப்போது பாதிதான் நிரம்பியிருந்தது.

"உங்க கோடு ஒண்ணு போடலையா பாய்?" என்று கேட்டேன்.

"இருக்குற கோடு சரியா இருக்கு தம்பி. அதுமேல நான் எதுக்கு?"

பிரஷ்ஷால் புதுக் கிரீஸை மரைகளில் மெலிதாகத் தடவினார். கோடு மறைந்தது. அடுத்துத் திறப்பவர் துடைத்துப் பார்த்தால் தெரியும்.