அம்மாவுக்கு ஒரு படம்

ஓவியர் எஸ். இளையராஜா, கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 2021 ஜூனில் கொரோனாவில் மறைந்துவிட்டார். சமையற்கட்டிலும் ஜன்னலோரத்திலும் நிற்கும் நம் கிராமத்துப் பெண்களை, போட்டோவோ என்று மயங்கும்படி வரைந்தவர்.

அதில் ஒன்றைப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் அம்மாதான்! போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஓடி ஒளிந்தவள். அவள் போய் இருபது வருஷம். ஒரு படம்கூட இல்லை.

பள்ளியில் படம் போட்டுப் பரிசு வாங்கியவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு வாசல் கோலத்தோடு சரி. அன்று மத்தியானம் மகளின் நோட்டில், அடுப்பு ஊதும் அம்மாவைப் பென்சிலால் வரைந்தேன். மூக்கு சரியாக வரவில்லை.

"ஆயா இப்படித்தான் இருப்பாங்களாம்மா?" என்றாள் மகள்.

முண்டியம்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது அம்மா இருக்கிறாள். முகம் நினைவில் இருக்கும்போதே நீங்களும் வரைந்து வையுங்கள், சகோதரிகளே!