ஒரு கொடி... ஏகப்பட்ட வேஷம்!

திருமுக்கூடல் பக்கம் வந்தால், அப்பன் வெங்கடேசப் பெருமாளைக் கும்பிட்ட கையோடு பாலாற்றங்கரை வேலிகளையும் ஒரு பார்வை பாருங்கள். சிறுபூனைக்காலி என்று ஒரு கொடி. பாஷன் ஃப்ரூட்டின் காட்டுத் தங்கச்சி! பச்சை வலைக்குள் கோலிக்குண்டைப் போட்ட மாதிரி காய்.

போன கோடை லீவில் இந்தக் கொடியால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு. பேத்தி கையில் இரண்டு இலைகள். மணல்மேட்டில் பறித்தது சின்னது, தடிப்பு, பூனை முதுகு மாதிரி ரோமம். மரத்தடியில் பறித்தது அகலம், மெலிசு.

"ரெண்டும் வேற வேற செடி, தாத்தா!"

"போடி, ரெண்டும் ஒண்ணுதான். சின்ன வயசுல எத்தனை பழம் தின்னிருப்பேன்!" என்றாள் என் மனைவி.

தீர்ப்பு பாட்டி பக்கம்தான். வெயிலில் நிற்கும் இலை, ஈரத்தை மிச்சம் பிடிக்கச் சிறுத்துக்கொள்கிறது. நிழலில் இருப்பது, கிடைக்கிற வெளிச்சத்தை விடாமல் வாங்க அகலமாகிறது. இது இடத்தின் வேலை. பூ வெள்ளையா, ஊதா கலந்ததா, பழம் மஞ்சளா, சிவப்பா என்பதெல்லாம் பெரும்பாலும் வம்சத்தின் வேலை.

இந்த வழக்கு பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 1753ல் லின்னேயஸ் ஒரே பேர் வைத்தார். 1938ல் கில்லிப் என்ற அமெரிக்கர் இதை முப்பதுக்கும் மேற்பட்ட ரகங்களாகப் பிரித்தார். பின்னால் வந்தவர்கள், "சிலது தனி இனமே" என்றார்கள்!

எங்கள் கோயில் கல்வெட்டு, வீரராஜேந்திர சோழன் காலத்தில் (11-ஆம் நூற்றாண்டு) இங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரி இருந்ததைச் சொல்கிறது. மூலிகை கொண்டுவரவே இரண்டு ஆட்கள்! ஆனால் அவர்கள் கண்ணில் இந்தக் கொடி பட்டிருக்க வழியில்லை. இது அப்புறம் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி.

சரி, இத்தனை வேஷத்தில் ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? காயைச் சுற்றிய அந்த வலையைப் பாருங்கள். தொட்டால் பிசுபிசுக்கும், குட்டிப் பூச்சிகள் ஒட்டிக் கிடக்கும். 1995ல் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், அந்தப் பிசினில் புரதத்தைக் கரைக்கும் சரக்கு இருப்பதாக எழுதினார்கள்.

இதில் விளையாட்டில்லாத விஷயம் ஒன்று உண்டு. பச்சைக் காயில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. ஒரு கொடியில் மஞ்சளாகப் பழுக்கும், இன்னொன்றில் சிவப்பாகப் பழுக்கும். அதனால் நிறத்தை மட்டும் நம்பி வாயில் போடக்கூடாது. அமுக்கினால் மெத்தென்று கனிந்திருக்க வேண்டும்.

உங்கள் ஊர் வேலியிலும் இது இருக்கலாம். குழந்தைகளுக்குக் காட்டும்போது ஒரே ஒரு கொடியோடு நிறுத்திவிடாதீர்கள். வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று, தண்ணீர் ஓரம் ஒன்று என்று பத்தைக் காட்டுங்கள். பழத்தை மட்டும், விவரம் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருந்தால்தான்!