பழைய உறுதியும் புதிய பெயரும்

என் பாட்டனார் நொத்தாரிசர் ஒருவரிடம் நெடுங்காலம் எழுத்தராக இருந்தவர். புதிய உறுதி எழுதப் புகுபவர் எவரும் வெற்றுத் தாளை முன்வைத்துச் சிந்திப்பதில்லை என்று அவர் சொல்லுவார். அதே வகையைச் சேர்ந்த பழைய உறுதியொன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆட்பெயர், காணிப்பெயர், பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றை மாற்றி, மற்றதை உள்ளபடி எழுதி முடிப்பதே வழக்கமாம். ஒருமுறை கிழக்கெல்லையை மாற்ற மறந்தமையால் இரண்டு குடும்பத்தார் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய கதையையும் அவர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். சிறுவனாகிய எனக்கு அது வேடிக்கையாகவே இருந்தது. சென்ற ஆண்டு நானும் அத்தகைய உறுதி ஒன்றை எழுதினேன். அது காணிக்காக எழுதியதன்று, இணையத்தளம் ஒன்றுக்காக எழுதியது.

என் தந்தையார் கணித ஆசிரியர். ஓய்வுபெற்ற பின்னர் எங்கள் ஊரின் குளங்கள், கேணிகள், ஒழுங்கைகள், வழக்கொழிந்த சொற்கள் ஆகியவற்றைப் பற்றி ஏழு கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்த பின் அக்கொப்பிகள் என் அலுமாரியில் கிடந்தன. ஓரங்கள் பழுத்துவிட்டன, நான்காம் கொப்பியில் பூச்சியும் புகுந்துவிட்டது. அச்சிடுவதற்கு வேண்டிய பணம் கல்லூரி ஆசிரியன் ஒருவனிடம் இராது என்பதை வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. அப்போதுதான் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், இணையத்தில் போடலாம். முதலிலிருந்து கட்டத் தேவையில்லை. ஆரோ கட்டினதை ஃபோர்க் பண்ணுவம்" என்றான்.

ஃபோர்க் என்றதும் எனக்குச் சாப்பாட்டு மேசையின் முட்கரண்டியே நினைவுக்கு வந்தது. அவன் சொன்னதோ வேறு. அடி ஒன்றாயிருக்கத் தலை இரண்டாய்ப் பிரிந்து வளரும் கிளைப்பனையை அபூர்வமாகக் கண்டிருப்பீர்கள் அல்லவா? அதைப்போல, ஒருவர் எழுதி எல்லோரும் எடுத்தாளலாம் என்று திறந்து வைத்த நிரற்றொகுதியை நம் கணக்குக்கு ஒரு பிரதியாகப் பெற்று, அங்கிருந்து நம் விருப்பப்படி வளர்ப்பதற்குத்தான் அப்பெயர். மூலத்துக்கு யாதொரு குறைவும் நேராது. கிற்ஹப் என்னும் களஞ்சியத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிளை பிரிந்துவிடும். அக்களஞ்சியத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவரான ரொம் பிரெஸ்ரன்-வேர்ணர் 2008ஆம் ஆண்டில் ஜெக்கில் என்னும் செயலியை எழுதினார். நாம் எழுதும் சாதாரண உரைக் கோப்புகளை அது இணையப் பக்கங்களாக ஆக்கித் தரும். அப்பக்கங்களைக் கட்டணமின்றி உலகுக்குக் காட்டும் வசதியையும் கிற்ஹப் அதே ஆண்டில் தொடங்கியது. நாங்கள் தெரிந்தெடுத்த வார்ப்புரு, பிற நாட்டு அன்பர் ஒருவர் தம் சொந்தத் தளத்துக்காகச் செய்து பொதுவில் வைத்தது. எளிமையானது, கண்ணுக்கு இதமானது.

அதன் உயிர்நிலை அடிக்கோட்டில் தொடங்கும் பெயரையுடைய 'கொன்பிக்' என்னும் ஒரே கோப்பு. தளத்தின் தலைப்பு, விளக்கம், முகவரி, மொழி, நேர வலயம், ஆசிரியர் பெயர், மின்னஞ்சல், வருகைக் கணக்கின் எண் ஆகிய யாவும் அதில் வரிசையாக இருக்கும். இடப்பக்கம் விடயத்தின் பெயர், பின்பு முக்காற்புள்ளி, பின்பு ஓர் இடைவெளி, அதன்பின் நம் விவரம். அந்த இடைவெளியை விட மறந்தால் செயலி மறுத்துவிடும். வரியை உள்தள்ளுவதற்கு இடைவெளி விசையைத்தான் அழுத்த வேண்டும். ராப் விசை ஆகாது. யாமல் என்னும் அவ்வெழுத்து முறையின் ஆசாரம் அத்தகையது. சந்திப் பிழைக்குப் புள்ளி குறைக்கும் என்னை ஓர் இடைவெளிக்காக ஓர் இரவு முழுவதும் விழித்திருக்கச் செய்தது அக்கோப்பு. என் மாணவர் இதை அறிந்தால் மகிழ்வர்.

முதன்முறை தளம் வெளிவந்தபோது நிறமின்றி, அலங்காரமின்றி, எழுத்துகள் மாத்திரம் இடப்பக்கம் குவிந்து கிடந்தன. அடிப்பாதை என்னும் வரியில் பழைய சொந்தக்காரரின் கோப்புறைப் பெயர் இருந்தமையால், அலங்காரக் கோப்பை உலாவி வேறெங்கோ தேடிக்கொண்டிருந்ததாம். அதைத் திருத்தினோம். மறுநாட் காலை ஆறு மணிக்கென நான் தேதியிட்ட கட்டுரை ஆறரைக்கும் வரவில்லை, எட்டுக்கும் வரவில்லை. நேர வலயத்தை நாம் சொல்லாவிட்டால், தளத்தை ஆக்கும் அந்தப் பொறி கிரீனிச் நேரத்தையொத்த நேரத்தைக் கொள்ளும். 2006ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து இலங்கை நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. ஆகவே எனது காலை ஆறு மணி அதற்கு இன்னும் வராத எதிர்காலம். எதிர்காலக் கட்டுரைகளை அது வெளியிடாது. 'ஏசியா, கொழும்பு' என்று எழுதிய பின்னரே அதற்கும் எங்களூரில் விடிந்தது.

உரிமக் கோப்பைப் பற்றி எனக்கும் மாணவனுக்கும் சிறு வாதம் நிகழ்ந்தது. எல்லா இடத்தும் பெயரை மாற்றிவந்த அவன் அங்கும் என் பெயரை இட முனைந்தான். நான் தடுத்தேன். அந்த வார்ப்புரு எம்.ஐ.ரி. உரிமத்தின் கீழ் வெளியானது. எடுக்கலாம், மாற்றலாம், விற்கவுங்கூடச் செய்யலாம். ஆனால் மூல ஆசிரியரின் பதிப்புரிமைக் குறிப்பை நீக்குதல் கூடாது. உறுதியில் மூல உறுதியின் இலக்கத்தைக் குறிப்பது போன்றது அது. "எல்லாவற்றையும் மாற்று, அதை மட்டும் தொடாதே" என்றேன். அத்துடன் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் அவர் பெயரையும் இருக்க விட்டோம். என் நேர்மையை எண்ணி அன்று நான் சற்றே பெருமிதம் அடைந்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

தளம் வெளியானது. தந்தையாரின் படம், அவர் பெயர், குளங்களின் பட்டியல் யாவும் அழகாக அமைந்தன. (மாதிரிக்கென வைத்திருந்த கட்டுரையொன்றை நீக்க மறந்து, என் தந்தையார் பனிமலையில் சறுக்கி விளையாடியதாகச் சில நாள் கிடந்தது. மைத்துனர் ஒருவர் தொலைபேசியில் விசாரித்த பின்னரே அதை அகற்றினோம்.) உறவினர்க்கும் பழைய மாணவர்க்கும் செய்தி அனுப்பிவிட்டுக் கடிதங்களை எதிர்பார்த்திருந்தேன்.

ஒரு மாதம் கழிந்தது, ஒருவரும் எழுதவில்லை. இரண்டாம் மாதமும் அவ்வாறே. மூன்றாம் மாதத்தில் ஆசிரியர் ஓய்வறையில் தமிழரின் வாசிப்புப் பழக்கத்தைப் பற்றி நான் கடுமையாகப் பேசத் தொடங்கினேன். வீட்டிலும் பேசினேன். "ஏழு கொப்பியை ஓர் ஆண்டாகத் தட்டச்சுச் செய்தேனே, இரண்டு வரி எழுத ஓர் ஆள் இல்லையா?" என்றேன். "மாமா இருந்தால் இப்படிச் சொல்லமாட்டார்" என்றாள் என் மனைவி. அது எனக்கு உவப்பாயில்லை.

அதன்பின் ஒருநாள், வார்ப்புருவைச் செய்த அந்த அன்பர் என் கிற்ஹப் கணக்கின் வழியாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தமக்கு அறிமுகமில்லாத எழுத்தில் ஒன்பது மின்னஞ்சல்கள் வந்தனவென்றும், குப்பை அஞ்சலென்று கருதி ஒதுக்கிவிட்டதாகவும், பின்பு தமது வருகைக் கணக்கில் அதே எழுத்தாலான பக்கத் தலைப்புகளைக் கண்டு, தேடிப் பார்த்து எங்கள் தளத்தை அடைந்ததாகவும் சொல்லியிருந்தார். கடிதங்கள் அனைத்தையும் இணைத்து, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டிருந்தார். அவர் மன்னிப்புக் கேட்பதா!

கோப்பை எடுத்துப் பார்த்தேன். மேற்பகுதியில் உள்ள தலைப்பையும் பெயரையும் முகவரியையும் மாற்றிய நாங்கள், கீழே ஆசிரியர் விவரத்துள் இருந்த மின்னஞ்சலையும் வருகைக் கணக்கு எண்ணையும் மாற்றாமல் விட்டுவிட்டோம். பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி எழுத்தில் தோன்றுவதில்லை; சிறிய கடிதவுறைப் படம் ஒன்றே தோன்றும். அதை அழுத்தினால் கடிதம் யாருக்குப் போகிறது என்று நானும் பார்க்கவில்லை, மாணவனும் பார்க்கவில்லை. பெயர் என்னுடையது; கதவோ அவருடையது. பாட்டனார் சொன்ன கிழக்கெல்லை அங்கேதான் கிடந்தது.

ஒன்பதில் இரண்டு, கனடாவில் ஸ்காபரோவில் வசிக்கும் முதியவர் ஒருவருடையவை. முதற் கடிதம் நீளமானது. தந்தையாரிடம் கேத்திர கணிதம் கற்றவராம். குளத்தின் மேற்குக் கரையில் நின்றது மருதமரம் என்று கொப்பியில் இருப்பது தவறு, அது இலுப்பை என்று எழுதியிருந்தார். வகுப்புப் படம் ஒன்றும் தம்மிடம் இருப்பதாகவும், அனுப்பட்டுமா என்றும் கேட்டிருந்தார். ஆறு கிழமைக்குப் பின் எழுதிய இரண்டாவது, மூன்றே வரி. "மாஸ்ரர் ஒரு போஸ்ற்காட்டுக்கும் பதில் எழுதாமல் விட்டதில்லை. தம்பிக்கு நேரமில்லைப்போலும். இனித் தொந்தரவு செய்யேன்."

அவ்வரிகளை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல இயலாது.

அன்றிரவே ஒன்பது பேருக்கும் எழுதினேன். மறுநாள் மாணவனை அழைத்து, அந்த அன்பரின் பெயரையும் முகவரியையும் தொகுதி முழுவதிலும் தேடச் சொன்னேன். இன்னும் ஐந்து இடங்களில் இருந்தன. கடிதவுறைப் படத்தை நானே அழுத்தி, எனக்கு நானே கடிதம் எழுதி, அது வந்து சேர்ந்ததையும் கண்டேன். மொழி என்னும் வரியில் ஆங்கிலக் குறியே கிடந்தது; பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் செயலி எந்த மொழிக் குரலில் படிப்பது என்று அவ்வரியைப் பார்த்தே அறியுமாம். அதையும் தமிழுக்கு மாற்றினோம்.

ஸ்காபரோப் பெரியவரிடமிருந்து நெடுநாள் விடை வரவில்லை. பின்னொரு ஞாயிறு இரவில் தொலைபேசியில் அழைத்தார். மன்னிப்பு முதலிய எதையும் பேச விடவில்லை. இலுப்பை மரத்தைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார். படத்தை அனுப்பிவிட்டதாகவும், இரண்டாம் வரிசையில் கண்ணாடியின்றி நிற்பவர் தாமே என்றும் சொன்னார். வைக்குமுன், "ஒன்று கேட்க வேண்டும், தம்பி. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெயர் கிடக்குதே. அவரும் மாஸ்ரரிடம் படித்தவரோ?" என்றார்.

இல்லை, மூன்று மாதமாக உங்கள் கடிதங்களை வைத்திருந்தவர் அவர்தான் என்று சொன்னேன்.