மூன்று சதவீத நஷ்டம்

ஓய்வு பெற்று வடகரைக்கு வந்த நாள் முதல், "அகமதாபாத்துல என்னதான் வேலை பாத்தீக?" என்று கேட்காத ஆள் கிடையாது. ராக்கெட் விட்டேன் என்றால் சந்தோஷப்படுவார்கள். நான் பார்த்ததோ ஆன்டெனா தட்டின் நஷ்டத்தை அளக்கும் வேலை.

கடலும் மேகமும் தாமாகவே மெல்லிய நுண்ணலைகளை வெளிவிடுகின்றன. அவற்றை வானிலிருந்து வாங்கி வெப்பநிலை, நீராவி, மழை இவற்றைக் கணிக்கும் கருவிதான் ரேடியோமீட்டர். 1979 ஜூன் 7-ல் போன நம் பாஸ்கரா-1-லேயே 'சமீர்' என்ற பெயரில் ஒன்று இருந்தது. 1999-ல் ஓஷன்சாட்-1-லும் வைத்தார்கள்.

அலைகளைத் திரட்டிக் கொடுப்பது குழிந்த தட்டு. நூறு வந்து 97-ஐத் திருப்பி 3-ஐ விழுங்கினால், அதோடு போகாது. தன் சூட்டிலிருந்து அந்த 3 பங்கைத் தானே உமிழும். கடல் 150 கெல்வின், தட்டு 290 என்றால் கருவி 154 என்று சொல்லும். ஒரு டிகிரி வித்தியாசத்தைத் தேடுகிறவனுக்கு இது கொள்ளை!

கருவியைச் சரிபார்க்க உள்ளேயே ஒரு சூடான பொருளும், குளிர்ந்த வானத்தைக் காட்டும் சிறு கண்ணாடியும் உண்டு. ஆனால் இரண்டும் பெரிய தட்டின் வழியாக வருவதில்லை. இதைச் சொன்னதும் நெல் வியாபாரி அண்ணாச்சி ஒருவர், "படிக்கல்லை வச்சு தராசைச் சரிபாத்துட்டு, நெல்லை ஈரச் சாக்கோட நிறுத்த மாதிரில்லா இருக்கு" என்றார். இதைவிட நல்ல விளக்கத்தை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

தரையில் அளப்பது இப்படி: திரவ நைட்ரஜனில், 77 கெல்வினில், நனைந்த கருப்புப் பஞ்சை நேராகப் பார்ப்போம், பிறகு தட்டின் வழியாகப் பார்ப்போம். கூடும் அளவு தட்டின் பங்கு. நல்ல அலுமினியத்தில் அது கால் கெல்வின்கூட வராது. பக்கத்தில் நிற்கும் ஆளின் உடம்புச் சூடே அதைக் கெடுத்துவிடும்.

தரையில் சரியாக இருந்தாலும் மேலே போய் மாறலாம். 1997-ல் அமெரிக்காவும் ஜப்பானும் ஏவிய டிஆர்எம்எம் முதலில் சுமார் 350 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றியது. அங்குள்ள ஆக்ஸிஜன் அணுக்கள் தட்டின் அலுமினியப் பூச்சை அரித்தன. வெறும் ஆழ்வெளியைக் காட்டியபோது 2.7 கெல்வினுக்குப் பதில் பத்து கெல்வின் போலக் கூடுதலாகக் காட்டியது. 3 முதல் 4 சதவீத நஷ்டம். மேலே போய்த் துடைக்கவா முடியும்? கணக்கில்தான் கழித்தார்கள். 2015 ஏப்ரல் வரை அது வேலை செய்தது.

நம் குற்றாலச் சாரலையும் அளந்ததா என்றால், அவ்வளவாக இல்லை. தரையின் மேல் இக்கருவி பெரும்பாலும் உயர்ந்த மேகத்தின் பனித்துகளை வைத்தே மழையைக் கணிக்கிறது. மலையோரத் தாழ்மேகச் சாரலில் அது குறைவு.