கண்டி ஏரிக்கரையில்

கண்டிக்குச் சென்று என்ன கண்டீர் என வினவுவோர்க்கு, ஏரியைக் கண்டேன் என்றே விடை சொல்லி வருகிறேன். நான்கு நாட்கள் தங்கியும் வேறெங்கும் செல்ல மனம் வரவில்லை. வேலூர் பாக்கியாத்தில் என்னுடன் ஓதிய நண்பர் அவ்வூர்க்காரர். சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் இருவரும் கரைக்கு நடப்போம். சுற்றுப்பாதை இரண்டு மைலுக்குச் சற்றுக் கூடுதல். அதைச் சுற்றிவர எங்களுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். பாதி நேரம் நின்றுகொண்டிருப்போம்.

அவ்வேளையில் மலைகளின் மேல் பனிமூட்டம் கலைந்திராது. நீரின்மேல் கவிந்த கிளைகளெல்லாம் நீர்க்காகங்கள். மழையில்லாத நாளிலும் நண்பர் குடை கொண்டுவரக் கண்டு நான் நகைத்தேன். பறவைகளின் உபகாரம் என் தொப்பியில் விழுந்த பின்னர்தான் குடையின் பொருள் விளங்கிற்று!

இயற்கையாய் அமைந்த ஏரி என்றே எண்ணியிருந்தேன். அன்று, வயல்நிலமாய்க் கிடந்த இடத்தில் 1807-ஆம் ஆண்டு அணை கட்டி நீர் தேக்கியவன் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். சிங்களத்தில் இதற்குப் பாற்கடல் என்று பெயர். கரையோர மதிலுக்கு முகில் மதில் என்று பெயர். அலையலையாய் எழுந்து தாழும் அதில் விளக்கு வைப்பதற்கு முக்கோண மாடங்கள். ஒரு பகுதிக்கு வந்ததும் அம்மதில் சட்டென நின்றுவிடுகிறது. வேலை முடியுமுன் 1815-இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றிவிட்டனர். மன்னனை வேலூர்க் கோட்டைக்கு நாடுகடத்தினர். 1832-இல் அங்கேயே இறந்தான்.

இதே ஊருக்கு அவர்கள் பின்னாளில் வேறொருவரைக் கொணர்ந்தனர். அஸ்ஹரில் ஓதியவரும் எகிப்தியப் படையை நடத்தியவருமான அஹ்மத் உராபி பாஷா, 1882-இல் தோல்வியுற்று, மறு ஆண்டு இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். பிற்பகுதியைக் கண்டியில் கழித்து, 1901-இல்தான் நாடு திரும்பினார். அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவகம். அவரை நேசித்துப் போற்றிய சித்திலெவ்வை மரைக்காயர் கண்டியிலே பிறந்தவர். 1885-இல் வெளிவந்த அவரது 'அசன்பே சரித்திரம்' தமிழின் முதல் நாவல்களுள் ஒன்று. தம் நாட்டுச் செய்தி ஏதேனும் வாராதா என ஏங்கியபடி பாஷாவும் இம்மலைகளை நோக்கி நின்றிருப்பாரன்றோ?

மூன்றாம் நாள், மதில் முடியும் இடத்தில் நின்றபடி இதை நான் சொன்னேன். நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"ஹஸ்ரத், நாம் ஓதிய காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை உங்களைப் பாலாற்றங்கரைக்கு அழைத்தேனே, நினைவிருக்கிறதா?"

இருந்தது. வேலூருக்கு வந்த முதல் ஆண்டு அவருக்கு. எங்கள் ஊர் அரசனின் சமாதி அங்கே உள்ளதாம், பார்த்து வருவோம் என்றார். பாழ்பட்ட கல்லில் நமக்கென்ன வேலை என்று நான் நூலை விரித்துக்கொண்டேன். தாயகத்தை விட்டு வந்த பதினெட்டு வயதுப் பிள்ளை எதைத் தேடிற்று என்பது எனக்கு அப்போது எட்டவில்லை. 1990-இல் அங்கே முத்து மண்டபம் எழுந்த பின்னும், பேருந்தில் எத்தனையோ முறை அவ்வழியே கடந்திருக்கிறேன். ஒரு முறையும் இறங்கவில்லை.

"தனியாகவே போனீர்களா?" என்று கேட்டேன்.

"போனேன். ஆற்றில் நீரில்லை. மணல் மட்டும்தான். அஸர் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. குடையை விரித்து என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார், நடந்தோம்.