ஊசி கழுவுகிறவர்

ஈஸ்ட் மரபணுக்களைக் கண்ணாடி ஸ்லைடில் புள்ளியாக வைத்துக் கணக்குப் பார்க்கும் லேப்கள் அருகிவிட்டன. பெரும்பாலோர் டிஎன்ஏவை நேரே சீக்வென்சிங்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மைக்ரோஅரே எனப்படும் அந்த வேலையை மூட்டைகட்டப் போகிறார்கள், அதற்குள் வந்து பார்த்துவிடு என்று அங்கே வேலை பார்க்கும் நண்பன் அழைத்தான்.

அவன் அறிமுகப்படுத்திய டெக்னீஷியன் அம்மாவுக்கு அறுபதைத் தொடும் வயது. முதலில் ஊசிகளைத்தான் காட்டினார். நுனி பிளந்த எஃகு ஊசிகள். மைப்பேனா முள் மையை ஏந்துவதுபோல டிஎன்ஏ கரைசலை ஏந்திக்கொள்ளும். ரோபோ கை தாழும்போது கண்ணாடியைத் தொட்டு ஒரு புள்ளி வைக்கும். புள்ளியின் அகலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஈஸ்டின் சுமார் 6,000 மரபணுக்களும் ஒரே ஸ்லைடில் அடங்கிவிடும். பிளவில் தூசி அடைத்தால் அந்த ஊசிக்குரிய கட்டம் முழுக்கப் பொக்கை. அதனால் ஒவ்வொன்றையும் அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, மைக்ரோஸ்கோப்பில் நுனி பார்த்த பிறகே மாட்டுகிறார். எனக்குப் பளிச்சென்று தெரிந்த ஓர் ஊசியை அவர் மறுபடி தொட்டியில் போட்டார்.

அன்று சோதித்தது, சல்பேட்டைக் குறைத்துப் பட்டினி போட்டுப் பல தலைமுறை வளர்த்த ஈஸ்ட். அதன் மூதாதை ஈஸ்டின் டிஎன்ஏவுக்கு சைத்ரீ என்ற பச்சைச் சாயம், பட்டினி ஈஸ்டுக்கு சைஃபைவ் என்ற சிவப்பு. சம அளவில் கலந்து ஸ்லைடின்மேல் விட்டால், இரண்டும் ஒவ்வொரு மரபணுப் புள்ளியிலும் ஒட்டப் போட்டியிடும். மரபணுவின் நகல்கள் சமமென்றால் ஸ்கேனர் படத்தில் மஞ்சள். பட்டினி ஈஸ்டில் கூடியிருந்தால் சிவப்பு.

என்னை விடிவதற்குள் வரச்சொன்னதற்குக் காரணம் ஸ்லைடைக் கழுவும்போதுதான் புரிந்தது. கோடைப் பிற்பகலில் அந்த ஊர்க் காற்றில் ஓசோன் ஏறிவிடும். அது பட்டால் சிவப்புச் சாயம் சில நிமிடங்களில் வெளுக்கும். பச்சை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். குரோமோசோம்கள் ஒற்றைத் தொகுதியாக உள்ள ஈஸ்டில் ஒரு நகல் இரண்டானால் சிவப்பு இரட்டிக்கும், கண்ணுக்குத் தப்பாது. இரட்டைத் தொகுதி ஈஸ்டில் இரண்டு மூன்றானால் ஒன்றரை மடங்குதான். வெளுத்த சாயம் அதை விழுங்கிவிடும். கடைசிக் கழுவலிலிருந்து ஸ்லைடை அவர் மூச்சடக்கி, சாயாமல், மெல்ல மேலே இழுத்தார். ஒரு சொட்டும் ஒட்டியிருக்கவில்லை.

இரண்டாவது குரோமோசோமின் வலது முனை சிவந்திருந்தது. சல்பேட்டை உள்ளே இழுக்கும் எஸ்யூஎல்1 மரபணு அங்கேதான் இருக்கிறது. பசித்த செல், வாசற்கதவுகளைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது.

இதுபோன்ற புள்ளிகள்தான் 2000இல் ஈஸ்ட் ஆய்வாளர்களுக்கு ஓர் அதிர்ச்சியைத் தந்தன. ஒரே ஒரு மரபணுவை மட்டும் நீக்கியதாக நம்பப்பட்ட ஏறத்தாழ 300 ஈஸ்ட் வகைகளில் 8 சதவீதத்தில் குரோமோசோமோ அதன் பகுதியோ கூடிக்குறைந்திருந்தது தெரியவந்தது.

ஸ்டான்ஃபோர்டில் பாட் பிரவுன் குழுவினர் இதுபோன்ற ரோபோவை யாரும் கட்டிக்கொள்ளட்டும் என்று செய்முறையை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார்கள். பிறகு ஆயத்த ஸ்லைடு விற்பனைக்கு வந்தது, அதை விற்க ஏஜென்ட் வந்தார், அவருடைய கமிஷன் வந்தது. அறிவைத் திறந்துவைத்தவர்கள் ஒருபக்கம், அதற்கு வாசலில் சுங்கம் வசூலிப்பவர்கள் மறுபக்கம். காசில்லாத கல்லூரி என்ன செய்யும்? எனக்கு இது பொறுக்கவே இல்லை.

இத்தனை ஆண்டில் அந்த அம்மாவின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் ஆசிரியர் வரிசையில் வந்ததில்லை, நன்றியுரையோடு சரி. ரோபோவை ஒரு சிறிய கல்லூரிக்குக் கொடுக்கப்போகிறார்கள். அங்கிருந்து யாராவது வந்து தன்னோடு ஒரு வாரம் ஊசி கழுவினால்தான் பெட்டியைக் கட்டவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.