லூலுவின் கோப்பு

நவம்பர் மாதம் வந்தால் நம்மைப் போன்ற ஓய்வூதியர்களுக்கு ஒரு கடமை உண்டு. உயிரோடுதான் இருக்கிறோம் என்று சான்று கொடுத்தாக வேண்டும். அந்தச் சாக்கில் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறவர்கள் நம்மில் பலர். நானும் அப்படித்தான். அதே மாதத்தில் எங்கள் வீட்டுப் பறவையையும் டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். "அதற்கு என்ன உடம்புக்கு?" என்பது அடுத்த கேள்வி. "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது, அதனால்தான்" என்றால் சிரிப்பு இன்னும் கூடுகிறது.

சிரிக்கட்டும். ஏன் போகிறேன் என்பதை இன்று எழுதி வைக்கிறேன்.

பறவையின் பெயர் லூலு. ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மகள் குடும்பத்தோடு பிரான்சுக்கு, லியோன் நகருக்குப் போனபோது பேத்தி எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அப்போது அதற்கு ஒரு வயது. காக்டெய்ல் இனம். புதுச்சேரியில் இந்தச் சொல்லைச் சொன்னால் நண்பர்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு மாலையில் வீட்டுக்கு வரத் தயாராகிவிடுகிறார்கள்! சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சு நிறப் பொட்டு. பூர்வீகம் ஆஸ்திரேலியா. நம் பச்சைக்கிளியைத்தான் வளர்க்க முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. கூண்டிலேயே பிறந்து வளரும் காக்டெய்லுக்கு அந்தத் தடை இல்லை.

பறவையைப் பற்றி நான் முதலில் கற்றுக்கொண்ட பாடம், அது தன் நோயை மறைக்கும் என்பது. கூட்டமாக வாழும் பறவை. அந்தக் கூட்டத்தில் சோர்ந்து நிற்பது எதுவோ அதன்மேல்தான் பருந்தின் கண் விழும். அதனால் உடம்பு எவ்வளவு முடியாவிட்டாலும் கடைசிவரை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். தின்பதுபோல் விதையைக் கொறித்துக் கீழே போடும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் வந்து உட்காரும்போதுதான் நமக்குத் தெரியும். அதற்குள் பாதி வழி போய்விட்டிருக்கும். "நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது, காலையில் பார்த்தால் செத்துக் கிடந்தது" என்று பறவை வளர்ப்பவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

மறைப்பதைக் கண்டுபிடிக்க என்ன வழி? எங்கள் டாக்டர் சொன்னது மிக எளிது: எடை பார்த்து எழுதி வையுங்கள். முப்பத்தாறு ஆண்டுகள் பதிவேடும் கோப்புமாகக் காலம் தள்ளியவனிடம் இப்படிச் சொன்னால் கேட்க வேண்டுமா? ஒரு கிராம் வரை காட்டும் சிறிய எலெக்ட்ரானிக் தராசு வாங்கினேன். அதன்மேல் ஒரு குச்சியைப் பொருத்தினேன். காலையில் தீனி வைப்பதற்கு முன் லூலு அதில் ஏறி நிற்கும். தேதி, எடை, எச்சத்தின் நிறம் என மூன்று கட்டங்கள் போட்ட நோட்டு. எச்சத்தையா என்று முகம் சுளிக்காதீர்கள். பறவை எச்சத்தில் மூன்று பகுதிகள் உண்டு: மலம், சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பகுதி, தண்ணீர். வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரலைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு அந்த நோட்டு வேலை செய்தது. வழக்கமாக 92 கிராம் இருக்கும் லூலு, இரண்டு வாரத்தில் படிப்படியாக 84க்கு இறங்கியது. வெளியே ஒரு மாற்றமும் இல்லை. காலையில் அதே சீழ்க்கை, அதே ஆட்டம். எட்டு கிராம்தானே என்று தோன்றும். அறுபது கிலோ மனிதர் பதினைந்து நாளில் ஐந்து கிலோ இறங்கினால் நாம் சும்மா இருப்போமா? கணக்கு அதுதான்.

சிறிய கூண்டில் வைத்து, மேலே துணி போர்த்தி, ஆட்டோவில் கொண்டுபோனேன். கூண்டில் விரித்த காகிதத்தை அன்று காலை மாற்றவில்லை. எச்சம்தான் டாக்டருக்கு முதல் சாட்சி. அவர் உடனே கையில் எடுக்கவில்லை. தள்ளி நின்று ஐந்து நிமிடம் பார்த்தார். மூச்சு விடும்போது வால் ஏறி இறங்குகிறதா, இரண்டு கால்களிலும் சமமாக நிற்கிறதா என்று கவனித்தார். பிறகு மெல்லிய துண்டால் பிடித்தார். மார்பை அழுத்தவே இல்லை. நமக்கு இருப்பதுபோல் பறவைக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அது மூச்சுவிட முடியும். இறுக்கிப் பிடித்தால் கையிலேயே உயிர் போய்விடும். மார்பெலும்பின் விளிம்பைத் தடவிச் சதை குறைந்திருக்கிறதா என்று பார்த்தார். மூக்குத் துளை, அலகு, நகம், ஆசனவாய் எல்லாம் பார்த்து முடித்தார். புதிய எச்சத்தில் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி இருந்தது. மருந்து கொடுத்தோம். மூன்றாவது வாரம் நோட்டில் 91 என்று எழுதினேன்.

கழுத்தின் வலப்பக்க நரம்பிலிருந்து கொஞ்சம் இரத்தமும் எடுத்தார். இடப்பக்க நரம்பைவிட அதுதான் பெரியதாம். ஒரு பறவையிடமிருந்து அதன் எடையில் நூற்றில் ஒரு பங்குக்குமேல் இரத்தம் எடுக்கக் கூடாது. லூலுவுக்கு அது ஒரு மில்லிகூட இல்லை. அவர் எடுத்தது அதிலும் பாதி. சூரியகாந்தி விதையைக் குறைத்து முருங்கைக்கீரை, கேரட் கொடுக்கச் சொன்னார். விதை மட்டுமே தின்றால் வைட்டமின் ஏ போதாது.

இதுவரை சொன்னது பறவையின் நலம். அடுத்து நடந்ததில் எங்கள் வீட்டின் நலமே அடங்கியிருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்து இரண்டு வாரமாக விடவில்லை. அவருக்கு முன்பே இழுப்பு உண்டு. நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "ஐயா, வீட்டில் பறவை ஏதாவது வளர்க்கிறீர்களா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று ஒரு சொல் நினைவுக்கு வந்தது: ப்ஸிதகோஸ். கலவைக் கல்லூரியில் பிரெஞ்சில் படித்த காலத்தில் அகராதியைப் புரட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. அப்படிப் பார்த்துவைத்த சொல். கிளிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். 1892இல் தென்னமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கிளிகளால் பாரிசில் இந்தக் காய்ச்சல் பரவிப் பலர் இறந்தார்கள். உலர்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுத்தால் மனிதருக்குத் தொற்றிக்கொள்ளும் பாக்டீரியா அது. இன்று டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளால் குணமாகிறது என்றாலும் விளையாட்டான நோய் இல்லை.

உறவினர்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள்: பறவையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நான் மறுத்துப் பேசவில்லை. மனைவியைவிட எனக்குப் பறவை பெரிதா? ஆனால் அவரே படுக்கையிலிருந்து சொன்னார்: "என்னங்க, விசாரிக்காமல் தண்டனை கொடுக்காதீங்க. பகலெல்லாம் என்னோடு பேசுவது அது ஒன்றுதான்."

லூலுவின் தொண்டையிலிருந்தும் ஆசனவாயிலிருந்தும் பஞ்சில் மாதிரி எடுத்தார்கள். நான்கு நாள் எச்சமும் சேர்த்து அனுப்பினோம். ஏனென்றால் அந்தக் கிருமி தினமும் வெளியே வருவதில்லை. ஒருநாள் மாதிரியை மட்டும் நம்பக் கூடாது. பி.சி.ஆர். சோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. மனைவிக்கு இருந்தது சாதாரண நிமோனியா, மருந்தில் குணமானார்.

அதோடு முடிந்ததென்று விடவில்லை. காக்டெய்லின் உடம்பிலிருந்து மாவுபோல் இறகுத்தூள் உதிரும். இழுப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது. கூண்டு படுக்கையறைப் பக்கத்திலிருந்து பின்கட்டுத் தாழ்வாரத்துக்குப் போனது. சுத்தம் செய்வது என் பொறுப்பு: முகக்கவசம் போட்டுக்கொண்டு, காகிதத்தில் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே எடுப்பேன். மனைவி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு அங்கிருந்தே பேசுகிறார். அதுவும் பதில் சொல்கிறது.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். பறவையின் விலையைவிடச் சோதனைக்குக் கூடுதலாகத்தான் ஆனது. விலையை வைத்துக் கணக்குப் போட்டால் யாரும் போகமாட்டார்கள். நம் ஊரில் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் வேப்பேரி இருக்கிறது. பறவை பார்க்கத் தெரிந்த டாக்டர் யார் என்று நோய் வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு பறவை வாங்கினால் காட்டிவிட்டு, ஒரு மாதமாவது தனி அறையில் வைத்துப் பார்த்த பிறகு பழைய பறவையோடு சேருங்கள்.

கடைசியாக ஒன்று. நன்றாகப் பார்த்துக்கொண்டால் காக்டெய்ல் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும். லூலுவுக்கு இப்போது ஏழு வயது. எனக்கு எழுபத்து நான்கு. இந்தக் கணக்கை யாரும் போட்டுக்காட்ட வேண்டியதில்லை. அலுவலகத்தில் இடமாற்றல் வந்தால், அடுத்து வருபவர் திண்டாடாதபடி கோப்புகளைச் சரிபார்த்துப் பட்டியலோடு பொறுப்பை ஒப்படைப்போம். லூலுவுக்கும் ஒரு கோப்பு தயாராக இருக்கிறது: எடை நோட்டு, சோதனை முடிவுகள், டாக்டரின் எண், என்ன தின்னும், எதற்குப் பயப்படும் என்ற குறிப்பு. யார் எடுத்துக்கொள்வது என்று பேத்தியிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் லியோனிலிருந்து பேசும்போது, "தாத்தா, இன்றைக்கு எத்தனை கிராம்?" என்று மட்டும் தவறாமல் கேட்கிறாள்.